'ரைட் ஆஃப்' என்றால் தள்ளுபடியா?

ஆங்கிலம் படிக்கிறவர்களுக்குப் பெரிய தலைவலி எது என்று கேட்டால் பலர் இலக்கணம் என்பார்கள். உண்மையில் பெரிய தலைவலி ஃப்ரேசல் வெர்ப்தான். ஒரு சாதாரண வினைச்சொல், அதன் பின்னால் 'அப்', 'டவுன்', 'ஆஃப்', 'அவுட்' என்று ஒரு குட்டிச் சொல். இரண்டுக்கும் தனித்தனியே அர்த்தம் தெரியும். சேர்ந்துவிட்டால் தெரியாது! 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. அப்படியானால் 'கிவ் அப்' என்றால் மேலே கொடு என்றா அர்த்தம்? இல்லை, கைவிடு என்று அர்த்தம்.

பெரும்பாலான ஃப்ரேசல் வெர்ப்களைத் தவறாகப் புரிந்துகொண்டால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. தேர்வில் ஒரு மதிப்பெண் போகும், நண்பர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு ஃப்ரேசல் வெர்ப் மட்டும் இந்தியாவில் நாடாளுமன்றம் வரை போய்ச் சண்டை மூட்டியிருக்கிறது. சாதாரணக் கடன்காரர் ஒருவர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டால் அவருடைய அடுத்த பத்து வருடமே சிக்கலாகிவிடும். அந்த வினைச்சொல் 'ரைட் ஆஃப்'.

(சரி, வலது, உரிமை ஆகியவற்றுக்கான 'ரைட்' இல்லை இது. எழுது என்ற பொருளுள்ள 'ரைட்'. தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.)

தமிழிலும் இந்த விளையாட்டு உண்டு

ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 'எழுது' என்ற நம் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'வை' சேர்த்தால் எழுதிவை. தாத்தா பேரனுக்கு வீட்டை எழுதிவைத்தார் என்றால் அவர் உயில் எழுதியிருக்கிறார். 'கொடு' சேர்த்தால் எழுதிக்கொடு. வீட்டை எழுதிக்கொடுத்தார் என்றால் வீடு இப்போதே கைமாறிவிட்டது. 'வாங்கு' சேர்த்தால் எழுதிவாங்கு. அதில் கொஞ்சம் மிரட்டல் வாடையும் வந்துவிடுகிறது! 'தள்ளு' சேர்த்தால் எழுதித்தள்ளு, அதாவது நிறைய எழுதிக் குவி.

எழுதிவைப்பதற்கும் எழுதிக்கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் எந்தத் தமிழனுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஒரு குட்டிச் சொல்லில் ஒரு வீடே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் 'ஆஃப்' என்ற குட்டிச் சொல்லிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அதைத்தான் தமிழில் கொண்டுவரும்போது தவறவிடுகிறார்கள்.

'ஆஃப்' என்ன செய்கிறது?

'ரைட்' என்ற சொல்லோடு கணக்குப்பதிவியல் நான்கு குட்டிச் சொற்களைச் சேர்த்துப் பயன்படுத்துகிறது. 'ரைட் அப்' என்றால் ஒரு சொத்தின் மதிப்பை ஏட்டில் கூட்டுவது. 'ரைட் டவுன்' என்றால் மதிப்பைக் குறைப்பது. 'ரைட் பேக்' என்றால் முன்பு ஒதுக்கி வைத்ததைத் திரும்பக் கொண்டுவருவது. 'ரைட் ஆஃப்' என்றால் மதிப்பை ஏட்டிலிருந்து அடியோடு எடுத்துவிடுவது. நான்கிலும் நடப்பது ஏட்டில்தான், ஏட்டுக்கு வெளியே எதுவும் மாறுவதில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

'ரைட் ஆஃப்' பிறந்ததே கணக்குப் புத்தகத்தில்தான். பதினேழாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் கணக்கு எழுதுகிறவர்கள் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மனிதர்களைப் பற்றியும் மற்ற விஷயங்களைப் பற்றியும் சொல்லப் பயன்பட்டது பிற்பாடு.

முதலில் பயன்படுத்தும் முறை. இது பிரிக்கக்கூடிய ஃப்ரேசல் வெர்ப். பெயர்ச்சொல் வந்தால் நடுவிலும் போடலாம், கடைசியிலும் போடலாம். 'ரைட் ஆஃப் த லோன்' சரி, 'ரைட் த லோன் ஆஃப்' என்பதும் சரி. ஆனால் 'இட்', 'ஹிம்', 'தெம்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் நடுவில்தான் போட வேண்டும். 'ரைட் இட் ஆஃப்' சரி. 'ரைட் ஆஃப் இட்' தவறு. இறந்த காலத்தில் 'ரோட் ஆஃப்', செயப்பாட்டு வினையில் 'ரிட்டன் ஆஃப்'. பெயர்ச்சொல்லாக வந்தால் நடுவில் ஒரு சிறு கோடு வரும், அழுத்தமும் மாறும். வினையாகச் சொல்லும்போது 'ஆஃப்' மீது அழுத்தம், பெயராகச் சொல்லும்போது 'ரைட்' மீது அழுத்தம்.

இனி அர்த்தங்கள். கடனைத் தவிர மூன்று முக்கியமான இடங்களில் இந்தச் சொல் வரும்.

ஒன்று, மனிதர்கள். 'டோன்ட் ரைட் ஹிம் ஆஃப்' என்றால் 'அவன் தேறமாட்டான் என்று முடிவு கட்டிவிடாதே' என்று அர்த்தம். 1983 உலகக் கோப்பைக்கு இந்திய அணி போனபோது கிரிக்கெட் உலகம் அந்த அணியை அப்படித்தான் 'ரைட் ஆஃப்' செய்திருந்தது. இறுதிப் போட்டியில் இந்தியா 183 ரன்களுக்குச் சுருண்டபோது இன்னொரு முறை செய்தார்கள். வெஸ்ட் இண்டீஸ் 140 ரன்களுக்கு ஆட்டமிழந்தது, கோப்பை கபில்தேவ் கையில்! 2020 டிசம்பரில் அடிலெய்டில் 36 ரன்களுக்கு ஆட்டமிழந்த இந்திய அணியையும் பல முன்னாள் வீரர்கள் 'ரைட் ஆஃப்' செய்தார்கள். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் வென்று தொடரையே 2-1 என்று கைப்பற்றியது அதே அணி.

இரண்டு, வாகனங்கள். பிரிட்டனில் விபத்துக்குள்ளான காரைப் பழுதுபார்க்க ஆகும் செலவு கட்டுப்படியாகாது என்று காப்பீட்டு நிறுவனம் முடிவு செய்தால் அந்தக் கார் ஒரு 'ரைட்-ஆஃப்'. நம் ஊரில் இதை 'டோட்டல் லாஸ்' என்கிறார்கள். 2017 அக்டோபர் முதல் பிரிட்டனில் இதற்கு ஏ, பி, எஸ், என் என்று நான்கு வகைகள் இருக்கின்றன. இதில் ஏ, பி வகைக் கார்கள் மறுபடியும் சாலைக்கு வரக்கூடாது. ஆனால் எஸ், என் வகைக் கார்களைச் சரிசெய்து மறுபடியும் ஓட்டலாம்!

மூன்று, வரி. அமெரிக்காவில் ஒரு செலவைக் காட்டி 'இதை ரைட் ஆஃப் பண்ணிக்கொள்ளலாம்' என்பார்கள். வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். ஆனால் பலரும் அந்தச் செலவே இலவசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 30 சதவீத வரி கட்டுகிறவர் 100 ரூபாய் செலவைக் கழித்தால் மிச்சமாவது 30 ரூபாய்தான். மீதி 70 ரூபாய் அவர் பையிலிருந்து போனது போனதுதான்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். 'ரைட் ஆஃப்' என்பது எழுதுகிறவர் தன் ஏட்டில், தன் மனதில் எடுக்கும் முடிவு. 'இனி இதிலிருந்து எனக்கு எதுவும் வராது' என்று அவர் தன் எதிர்பார்ப்பை அடித்துவிடுகிறார். எதிரில் இருக்கும் மனிதனுக்கோ, காருக்கோ, செலவுக்கோ அதனால் எதுவும் ஆவதில்லை. அணி விளையாடிக்கொண்டேதான் இருக்கும், கார் ஓடலாம், செலவு செய்த பணம் திரும்பி வராது.

கடனிலும் அதே கதைதான்.

கடைக்காரர் கணக்கு

ஈரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஒரு மேஸ்திரிக்கு 10,000 ரூபாய்க்குக் கடனில் சரக்கு கொடுக்கிறார். மேஸ்திரி ஊரை விட்டே போய்விட்டார். இரண்டு வருடமாகத் தகவல் இல்லை. ஆனால் கடையின் இருப்புநிலைக் குறிப்பில் இன்னமும் 'வர வேண்டியது 10,000' என்று சொத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. இது பொய்க் கணக்கு. வராத பணத்தைச் சொத்து என்று காட்டினால் கடைக்காரர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார், அவருக்குக் கடன் கொடுத்தவர்களையும் ஏமாற்றுகிறார்.

ஆகவே கணக்குப்பிள்ளை ஒரு பதிவு போடுகிறார். வாராக்கடன் கணக்கில் பற்று, மேஸ்திரி கணக்கில் வரவு. 10,000 ரூபாய் நஷ்டமாகி இலாபத்தில் குறைந்துவிடுகிறது. இதுதான் 'ரைட் ஆஃப்'.

மேஸ்திரிக்கு இது தெரியுமா? தெரியாது. யாரும் அவரிடம் கையெழுத்து வாங்கவில்லை, யாரும் அவருக்குக் கடிதம் போடவில்லை. அவர் தர வேண்டிய 10,000 ரூபாயில் ஒரு பைசா குறையவில்லை. நாளைக்கே அவர் பேருந்து நிலையத்தில் கண்ணில் பட்டால் கடைக்காரர் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம்! (வழக்குப் போடச் சட்டம் வைத்திருக்கும் காலக்கெடு தனி விஷயம். அந்தக் கெடு இந்தப் பதிவால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.)

வணிகவியல் மாணவர்கள் அடிக்கடி தவறு செய்யும் இடம் இதற்கு அடுத்தது. மேஸ்திரி மனம் திருந்தி 4,000 ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தால் அதை மேஸ்திரி கணக்கில் வரவு வைக்கக் கூடாது. வாராக்கடன் வசூலானது என்று தனிக் கணக்கில் வரவு வைத்து இலாபமாகக் காட்ட வேண்டும். இப்படி ஒரு தனிக் கணக்கு இருப்பதே 'ரைட் ஆஃப்' செய்த கடன் திரும்பி வரலாம் என்பதற்குச் சாட்சி. கடனே இல்லாமல் போயிருந்தால் வசூலுக்கு ஏது கணக்கு?

தள்ளுபடி என்ற ஒரு சொல்

இப்போது தமிழுக்கு வாருங்கள். 'வங்கிகள் இத்தனை ஆயிரம் கோடி ரைட் ஆஃப்' என்று ஆங்கிலத்தில் வரும் செய்தி, தமிழில் 'இத்தனை ஆயிரம் கோடி கடன் தள்ளுபடி' என்றுதான் பெரும்பாலும் வருகிறது.

தள்ளுபடி என்ற சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே வேலை அதிகம். துணிக்கடையில் ஆடித் தள்ளுபடி. நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் தள்ளுபடி. முதலாவதில் விலை குறைகிறது, இரண்டாவதில் கோரிக்கை விழுகிறது, மூன்றாவதில் கடனே போய்விடுகிறது. இந்த மூன்று வேலை போதாதென்று 'ரைட் ஆஃப்' என்பதையும் அதன் தலையில் கட்டிவிட்டார்கள்.

கடன் தள்ளுபடி என்றால் என்ன என்று தமிழ்நாட்டுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2008 பிப்ரவரியில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் பட்ஜெட்டில் அறிவித்த விவசாயக் கடன் திட்டத்துக்கு அப்போது சொல்லப்பட்ட மதிப்பு 60,000 கோடி ரூபாய். 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகள் வாங்கியிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அதே ஆண்டு அடுத்து வந்த அரசு 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது.

இதில் நகைக்கடனை மட்டும் எடுத்துக்கொண்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தள்ளுபடி என்றால் அடகு வைத்த சங்கிலி வீட்டுக்குத் திரும்பி வரும். பாக்கி இல்லை என்று எழுத்தில் கொடுப்பார்கள். வங்கிக்குச் சேர வேண்டிய பணத்தை அரசு ஏற்றுக்கொள்ளும். 'ரைட் ஆஃப்' என்றால் இதில் ஒன்றும் நடக்காது. சங்கிலி திரும்பி வராது, பாக்கி பாக்கியாகவே இருக்கும், அரசு எதையும் ஏற்றுக்கொள்ளாது. வங்கியின் புத்தகத்தில் மட்டும் ஒரு வரி இடம் மாறியிருக்கும்.

ஆங்கிலத்தில் தள்ளுபடிக்கு 'வெய்வர்' என்று வேறு சொல் இருக்கிறது. அங்கே இரண்டு சொல், இரண்டு அர்த்தம். தமிழுக்கு வரும்போது ஒரே சொல். குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

நாடாளுமன்றத்தில் ஒரு ஃப்ரேசல் வெர்ப்

தமிழில் மட்டும்தான் இந்தக் குழப்பம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆங்கிலத்திலேயே நாடு முழுவதும் சண்டை நடந்தது.

2016 நவம்பர் மாதம். 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஜனங்கள் தங்கள் சொந்தப் பணத்தை எடுக்க வங்கி வாசலில் கால் கடுக்க நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து பாரத ஸ்டேட் வங்கி, விஜய் மல்லையாவின் கிங்ஃபிஷர் நிறுவனம் உட்பட வேண்டுமென்றே கடன் கட்டாத 63 பேரின் 7,016 கோடி ரூபாயை 'ரைட் ஆஃப்' செய்துவிட்டதாகச் செய்தி வந்தது. மாநிலங்களவையில் பிரச்சினை வெடித்தது. அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி எழுந்து, சொல்லின் நேரடி அர்த்தத்தைப் பார்க்காதீர்கள், இது கடன் தள்ளுபடி அல்ல, கடன் அப்படியே இருக்கிறது, வசூல் தொடரும் என்று விளக்க வேண்டியிருந்தது.

2020 ஏப்ரலில் மறுபடியும் அதே கதை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கி தந்த பதிலில், 50 பெரிய கடனாளிகளின் 68,607 கோடி ரூபாய் 'ரைட் ஆஃப்' ஆகியிருந்தது தெரிந்தது. பணக்கார நண்பர்களுக்குத் தள்ளுபடி என்றது எதிர்க்கட்சி. 'ரைட் ஆஃப்' வேறு, 'வெய்வர்' வேறு என்றார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன்.

சொல்லின் அர்த்தத்தைப் பொறுத்தவரை நிதியமைச்சர்கள் சொன்னது சரி. வங்கிகளில் 90 நாட்களுக்கு மேல் வட்டியோ அசலோ வராவிட்டால் கடன் வாராக்கடன் வரிசையில் சேர்ந்துவிடும். அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு இலாபத்திலிருந்து ஒரு தொகையை அதற்காக ஒதுக்கிக்கொண்டே வர வேண்டும். முழுத் தொகையும் ஒதுக்கி முடித்த பிறகு, அந்தக் கடனைத் தலைமை அலுவலகத்தின் இருப்புநிலைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். கிளையில் கடனாளியின் பெயரில் உள்ள பாக்கி அப்படியே நிற்கும். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. இது கணக்குக்காக மட்டும் செய்வது, கடனாளியிடம் உள்ள உரிமை எதையும் வங்கி விட்டுக்கொடுக்கவில்லை என்பதே அதன் சாரம்.

மல்லையா விஷயமே இதற்கு உதாரணம். அவருடைய சொத்துகளிலிருந்து 14,131 கோடி ரூபாய் பொதுத்துறை வங்கிகளுக்குத் திரும்பக் கிடைத்ததாக 2024 டிசம்பரில் மக்களவையில் நிதியமைச்சர் தெரிவித்தார். 2016-இல் உண்மையிலேயே தள்ளுபடி ஆகியிருந்தால் இதை எப்படி வசூலித்திருக்க முடியும்?

ஆனால்... 'வெறும் கணக்குப் பதிவுதானே' என்று சொல்வதும் பாதி உண்மைதான்

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'ரைட் ஆஃப் என்பது தள்ளுபடி அல்ல' என்று சொல்கிறவர்கள் அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஏதோ ஒன்றுமே நடக்காதது போல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. அதுவும் தவறு.

நாடாளுமன்றத்தில் 2023 ஆகஸ்டில் அரசே தந்த கணக்கு இது. 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் வணிக வங்கிகள் 'ரைட் ஆஃப்' செய்தது 14.56 லட்சம் கோடி ரூபாய். அதில் பெரிய தொழில், சேவை நிறுவனங்களின் பங்கு 7.41 லட்சம் கோடி. அந்தக் காலத்தில் 'ரைட் ஆஃப்' செய்த கடன்களிலிருந்து வசூலானது 2.04 லட்சம் கோடி. அதாவது ஏட்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் திரும்பி வந்தது ஏறக்குறைய 14 ரூபாய்.

மீதி 86 ரூபாய்? சட்டப்படி அது இன்னும் பாக்கிதான். ஆனால் வங்கியின் இலாபத்திலிருந்து அது ஏற்கெனவே போய்விட்டது. பொதுத்துறை வங்கிகளின் மூலதனம் இப்படிக் கரைந்ததால்தான் 2017 அக்டோபரில் அரசு 2.11 லட்சம் கோடி ரூபாய் மறுமூலதனத் திட்டத்தை அறிவிக்க வேண்டி வந்தது. அதில் 1.35 லட்சம் கோடி அரசு வெளியிடும் பத்திரங்கள் மூலம். அந்தப் பத்திரங்களுக்கு வட்டி கட்டுவது யார் பணம்? மக்கள் பணம்தான்.

ஆகவே 'தள்ளுபடி செய்துவிட்டார்கள்' என்று கத்துவது தவறு. 'வெறும் கணக்குப் பதிவு' என்று கையை உதறுவதும் தவறு. கேட்க வேண்டிய கேள்வி வேறு. 'ரைட் ஆஃப்' செய்தீர்கள், சரி. அதன் பிறகு வசூலிக்க என்ன செய்தீர்கள்? எவ்வளவு வந்தது? தள்ளுபடி என்ற சொல்லைப் பயன்படுத்தியதும் இந்தக் கேள்வியே செத்துவிடுகிறது. தள்ளுபடி ஆன கடனை யார் போய் வசூலிப்பார்கள்? தவறான சொல் கோபத்தை மட்டும் தருகிறது, சரியான சொல் கேள்வியைத் தருகிறது. பெரிய கடனாளிகளுக்கு இதில் எது வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

சின்னக் கடன்காரர் படும் பாடு

பெரிய மனிதர்களுக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள், அர்த்தம் சொல்லித்தர. உண்மையில் இந்தச் சொல் அடிப்பது சாதாரண ஆட்களைத்தான்.

கல்விக்கடன் வாங்கிப் படித்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை கிடைக்கவில்லை, தவணை கட்டவில்லை. முதலில் வங்கியிலிருந்து தொலைபேசி வந்துகொண்டே இருக்கும். பிறகு சில காலம் வராது. ஒருநாள் சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் அந்தக் கடனுக்கு எதிரே 'ரிட்டன் ஆஃப்' என்று இருக்கும். அவருக்குத் தெரிந்த தமிழ் அர்த்தம் என்ன? தள்ளுபடி! செய்தித்தாளில் அப்படித்தானே படித்திருக்கிறார். அப்பாடா, தொல்லை விட்டது என்று நிம்மதியாகிவிடுவார்.

உண்மையில் ஒரு கடன் அறிக்கையில் வரக்கூடிய மோசமான சொற்களில் அதுவும் ஒன்று. 'இந்த ஆளிடமிருந்து பணம் வராது என்று ஒரு வங்கி முடிவு கட்டிவிட்டது' என்று மற்ற எல்லா வங்கிகளுக்கும் அது அறிவிக்கிறது. பிற்பாடு வேலை கிடைத்து, வீட்டுக்கடனுக்கோ வண்டிக்கடனுக்கோ போய் நிற்கும்போதுதான் விஷயம் தெரியும். கல்விக்கடனில் அப்பாவோ அம்மாவோ இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அவர்கள் பெயரும் சேர்ந்து கெடும். வங்கி அந்தக் கடனை வசூல் நிறுவனத்துக்கு விற்றுவிட்டால், பல வருடம் கழித்துப் புதிதாக ஒருவர் வந்து கதவைத் தட்டவும் கூடும்.

'செட்டில்டு' என்று இன்னொரு சொல் உண்டு. அதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வங்கியும் கடனாளியும் பேசி, குறைந்த தொகையைக் கட்டி முடித்துக்கொண்டால் 'செட்டில்டு'. முழுத் தொகையையும் கட்டினால் 'க்ளோஸ்டு'. 'ரிட்டன் ஆஃப்' என்று இருந்தால் எதுவும் முடியவில்லை. வங்கிக்குப் போய்ப் பேசி, கட்ட முடிந்ததைக் கட்டி, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கி, அறிக்கையில் மாற்றச் சொல்லிக் கேட்கும் வரை அது முடியாது. தள்ளுபடி என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டால் வட்டிதான் ஏறும்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது?

நல்ல செய்தி என்னவென்றால், சொல் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்வழியில் மேல்நிலை வகுப்புக் கணக்குப்பதிவியல் படித்த எல்லோருக்கும் அது தெரியும்: போக்கெழுதுதல். வாராக்கடனைப் போக்கெழுதுவது, நற்பெயரைப் போக்கெழுதுவது என்று பாடப்புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வரும். எழுது என்பது 'ரைட்', போக்கு என்பது 'ஆஃப்'. இதைவிடப் பொருத்தமாக யார் செய்துவிட முடியும்? சின்ன ஊர்களில் அரசுப் பள்ளியில் படித்த மாணவர்கள் வருடா வருடம் தேர்வில் எழுதும் சொல். ஆனால் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி ஒரு செய்தித்தாளிலோ தொலைக்காட்சியிலோ வங்கிக் கடிதத்திலோ அது வருவதில்லை.

கேட்கப் புதிதாக இருக்கிறது, யாருக்கும் புரியாது என்று சிலர் சொல்வார்கள். வாராக்கடன் என்ற சொல்லும் ஒரு காலத்தில் பாடப்புத்தகச் சொல்தான். இன்றைக்கு டீக்கடையில் பேசுகிறார்கள். பழகினால் எல்லாம் வரும். போக்கெழுதுதல் பிடிக்காவிட்டால் 'கணக்கிலிருந்து நீக்கம்' என்று எளிமையாகச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் தள்ளுபடி என்று மட்டும் சொல்லாமல் இருந்தால் போதும்.

பேச்சு வழக்கிலும் நம்மிடம் சொல் இருக்கிறது. திரும்பி வராத கைமாற்றைப் பற்றிக் கேட்டால் 'அதைக் காந்தி கணக்கில் எழுதிட்டேன்' என்பார்கள். வாங்கியவன் தரவேண்டியது இல்லை என்று அதற்கு அர்த்தமா? நிச்சயம் இல்லை! கொடுத்தவர் எதிர்பார்ப்பை விட்டுவிட்டார், அவ்வளவுதான். தீபாவளிக்கு அவன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு எதிரே வந்தால் கேட்கத்தான் போகிறார். 'ரைட் ஆஃப்' என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் ஆங்கில அகராதியில்கூடக் கிடைக்காது. மனிதர்களைப் பற்றிச் சொல்வதற்குக் 'கை கழுவிவிட்டார்கள்' இருக்கிறது, 'தண்ணி தெளித்துவிட்டார்கள்' இருக்கிறது. தண்ணி தெளித்துவிடப்பட்ட எத்தனையோ பிள்ளைகள் பிற்பாடு குடும்பத்தையே காப்பாற்றியிருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஃப்ரேசல் வெர்ப்களை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவதோடு ஆங்கிலப் பாடம் முடிந்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் வங்கிக் கடிதம், கடன் அறிக்கை, பட்ஜெட் செய்தி எல்லாம் இந்தச் சொற்களில்தான் எழுதப்படுகின்றன. அடுத்த முறை 'இத்தனை கோடி தள்ளுபடி' என்று தலைப்பைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தர வேண்டியவனுக்குக் கடன் போய்விட்டதா, வர வேண்டியவனுக்கு நம்பிக்கை போய்விட்டதா? முதலாவது என்றால் அது தள்ளுபடி. இரண்டாவது என்றால் போக்கெழுதுதல். போக்கெழுதியது என்றால், வசூல் என்ன ஆயிற்று என்று அடுத்த கேள்வியையும் சேர்த்தே கேளுங்கள்.